சேர்க்கை நாளில் போடும் கையெழுத்துகள்

தமிழ்நாட்டில் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ சேரும் மாணவர் முதல் நாளிலேயே பல தாள்களில் கையெழுத்திடுகிறார். ராகிங்கில் ஈடுபடமாட்டேன் என்ற உறுதிமொழி, விடுதி விதிகளுக்கான ஒப்புதல், நன்னடத்தைப் பத்திரம், ஐடி கார்டுக்கான படிவம் என்று அடுத்தடுத்து வருகின்றன. சிலவற்றில் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். ஃபீஸ் கட்டும் வரிசையில் நிற்கும் அவசரத்தில் இவற்றை அனேகமாக யாரும் படிப்பதில்லை. பிறகு சிக்கல் வரும்போது கல்லூரி நிர்வாகம் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தாள்களைத்தான். கையெழுத்திட்ட ஒவ்வொன்றையும் அங்கேயே போனில் படமெடுத்துக்கொள்வது, எல்லாவற்றையும் நின்று படிப்பதைவிட நடைமுறைக்கு ஏற்றது.

ராகிங் விதிகள் இன்று இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் மாணவர்களின் மரணங்கள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாத நிலை ஆகியவை அதன்படி வரும் தண்டனைகள். புகாரைக் கண்டும் காணாமல் விடும் கல்லூரித் தலைமையையும் அச்சட்டம் உடந்தையாகக் கருதுகிறது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்ததில் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, நாடு முழுமைக்குமான விதிமுறைகளை வெளியிட்டது.

அந்த விதிமுறைகளின்படி அடிதடி மட்டும் ராகிங் அல்ல. ஜூனியரைத் தன் ரெக்கார்டு நோட்டை எழுதித் தரச் சொல்வதும், பணம் கேட்பதும், கட்டாயப்படுத்திச் செலவு செய்ய வைப்பதும் அதில் அடங்கும். ‘இன்ட்ரோ கொடு’ என்று நள்ளிரவில் அறைக்குக் கூப்பிட்டு மிரட்டுவதை மரபு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டத்தை மீறிய செயல் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குப் போக வேண்டும். செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனை விதிக்கவும் இடமிருக்கிறது. வேடிக்கை பார்த்தவனும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாடு நியாயமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று ஒரு விடுதி முழுவதும் சாதிக்கும் வழக்கத்தை உடைக்க வேறு வழி எளிதில் தென்படவில்லை.

புகார் எப்படித் தரப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் கதி அமைகிறது. வார்டனிடம் வாய்மொழியாகச் சொன்னது பெரும்பாலும் ‘பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்ற சமரசத்தில் முடியும். தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு வார்டனுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை முதல்வருக்கோ டீனுக்கோ சேர்த்தால், அது எப்போது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று நிற்கும். கல்லூரிக்குள் தயக்கம் இருந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு வழி வேறு. யுஜிசியின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த பெண் ஆசிரியர். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் குழுவில் இடம்பெற வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அவகாசம் நீட்டிக்கப்படும். விசாரணையை 90 நாட்களில் முடிக்க வேண்டும். இதில் மாணவிகள் பலருக்குத் தெரியாத பாதுகாப்பு ஒன்று உண்டு: புகாருக்கு ஆளானவர் ஆசிரியராக இருந்தால், விசாரணைக் காலத்தில் புகார் தந்தவரின் தேர்வுத்தாளையோ ஆய்வையோ அவர் மதிப்பிடக் கூடாது என்று குழு பரிந்துரைக்க முடியும். இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார் என்ற பயம்தான் பல புகார்களைத் தொண்டையிலேயே நிறுத்துகிறது என்பதால், இந்தக் கோரிக்கையைப் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது.

அதே விதிமுறைகள் இன்னொன்றையும் சொல்கின்றன: பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர் விடுதியில் இல்லாத கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதியில் விதிக்கக் கூடாது. மாலையிலேயே பெண்கள் விடுதிக் கதவைப் பூட்டிவிட்டு, ஆண்கள் விடுதியை இரவு வெகுநேரம் திறந்து வைக்கும் வளாகங்களின் நோட்டீஸ் போர்டில் இந்த வரியைப் பார்க்க முடியாது. அவுட்பாஸ் நேரம் குறித்து மனு எழுதும் மாணவியர் அதை மேற்கோள் காட்டலாம்.

ஒழுங்கு நடவடிக்கையில் மாணவர்கள் அடிக்கடி சறுக்குவது ‘மன்னிப்புக் கடிதம்’ விஷயத்தில்தான். துறைத் தலைவர் எழுதித் தரச் சொல்வார். மாணவரும் விட்டால் போதும் என்று எழுதிக் கொடுப்பார். செய்யாததையும் ஒப்புக்கொண்ட அந்தத் தாள் கோப்பில் தங்கிவிடுகிறது. குற்றச்சாட்டு என்ன என்பதை எழுத்தில் கேட்பதும், நடந்ததை மட்டும் எழுதுவதும் மரியாதைக் குறைவு ஆகாது. தண்டிக்கும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தருவது இயற்கை நீதியின் அடிப்படை. அதற்குப் பிறகும் குறை தீரவில்லை என்றால், 2023ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகளின்படி அமைந்த மாணவர் குறைதீர்ப்புக் குழுவை அணுகலாம். அதன் முடிவும் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அடையாள ஆவணங்களில் தமிழ்நாட்டு மாணவர்களைத் துரத்துவது இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கும், ஆதாரில் பின்னால் போகும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரியும். சாதிச் சான்றிதழிலோ முதல் பட்டதாரிச் சான்றிதழிலோ ஓர் எழுத்து பிசகியிருக்கும். கல்லூரிகள் பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையே மூலமாகக் கொள்கின்றன. எனவே மற்ற ஆவணங்களை அதற்கு இணங்கத் திருத்துவதே சுருக்கமான வழி. பெயரையே மாற்றுகிறவர்கள் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு அதன் பிரதிகளைப் பத்திரப்படுத்த வேண்டியிருக்கும். திருநர் மாணவர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழ் இந்தத் திருத்தங்களுக்கு அடிப்படையாக அமைகிறது.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பது 2018இல் யுஜிசி வெளியிட்ட அறிவிக்கை. ‘படிப்பு முடியும்வரை எங்களிடமே இருக்கட்டும்’ என்று சொல்ல கல்லூரிக்கு உரிமை இல்லை. சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் என்று யுஜிசி போன்ற அமைப்புகள் சொல்ல முடியாது என்பது அதே ஆண்டு செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அரசு உதவித்தொகைக்கு அது தேவைப்படலாம். மற்ற இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைத் தருவது போதுமானது. பட்டச் சான்றிதழில் முழு ஆதார் எண்ணை அச்சிடக் கூடாது என்று 2023இல் யுஜிசி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறது.

தகவல் கசிவது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை, 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு காட்டியது. மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே பரவியது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைக்குரிய குற்றம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் ஃபார்வேர்டுக்கும் இது பொருந்தும்.

ஐடி கார்டு தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பெறலாம். டூப்ளிகேட் கார்டு கேட்கும்போது அது உதவும். புதிய கார்டு கைக்கு வந்த மகிழ்ச்சியில் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது ஆபத்து. பல பல்கலைக்கழகங்களின் ரிசல்ட் பக்கங்களைத் திறக்கப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் போதும். பல கார்டுகளில் அவை இரண்டுமே அச்சாகியிருக்கின்றன.