திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம்

மயிலாடுதுறை
ஆடி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ “சரி அத்தை, சரி அத்தை” என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் பாதியில் மடித்து வைத்தாலும் மேஜையில் கிடக்கும், என்றைக்காவது எடுப்பாய்.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை பேசினாள். ராத்திரி இரண்டு மணிக்கும் நீ வாட்ஸ்அப்பில் இருப்பதாகக் காட்டுகிறதாம். அந்த நேரத்தில் அவள் ஏன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. பங்குனியில் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அவர்கள் குடும்பம் அப்படித்தான் என்று எனக்கு முதல் நாளே தெரியும், அதையும் எழுதப்போவதில்லை. நான் எழுத வந்தது உன் படிப்பைப் பற்றி. பரீட்சைப் படிப்பு இல்லை, கதைப் புத்தகம் படிப்பது.

பொங்கலுக்கு முன்னால் நந்தனம் புத்தகக் காட்சியிலிருந்து படம் அனுப்பினாயே, இரண்டு கையிலும் பை. இந்த வருஷம் ஐம்பது புத்தகம் என்று எழுதியிருந்தாய். மாசி வரைக்கும் மூன்று, நான்கு என்று கணக்குச் சொன்னாய். அப்புறம் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஆடி.

ஐம்பது ஒன்றும் பெரிய எண் இல்லை. புத்தகத்துக்கு 200 பக்கம் என்று வைத்தால் 10,000 பக்கம், நாளுக்கு 27, 28 பக்கம். படித்துப் பழகியவளுக்கு முக்கால் மணி நேரம். ஆனால் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் 200 பக்கம் பாக்கி விழும். ஆபீஸில் இரண்டு வாரம் தலைக்குமேல் வேலை என்றால் 400. வட்டி கட்ட முடியாதவன் கடன்காரன் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி, நீ உன் அலமாரிப் பக்கம் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். இல்லை என்றால் சந்தோஷம்.

இத்தனை வருஷம் இரவல் பதிவேட்டைப் பார்த்தவள் சொல்கிறேன், வருஷம் முழுக்க ஒரே சீராகப் படித்த மனிதரை நான் கண்டதில்லை. நடவு நாளிலும் அறுவடை நாளிலும் எங்கள் கிளை நூலகத்தில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தினத்தாள் பார்க்க நாலு பேர் வந்தால் அதிகம். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்துவிட்டால் பொது அறிவு அலமாரி காலியாகும், நாவல் அலமாரியில் தூசு படியும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு, நீகூடப் பார்த்திருப்பாய், குடையை உள்ளே கொண்டுவந்து என் மேஜைக் காலில் மாட்டுவாரே, அவர்தான். சித்திரை வெயிலில் தினமும் வருவார். மார்கழி முழுக்கக் கோயில், பஜனை என்று காணாமல் போவார். தை பிறந்ததும் ஒன்றுமே நடக்காதது போல வந்து, விட்ட எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தைக் கேட்பார். கண் தெரிந்தவரைக்கும் படித்தார். இனிமேல் வாரம் ஒரு புத்தகம் என்று என் மேஜைக்கு முன்னால் நின்று சபதம் எடுத்தவர்களை மூன்றாவது தவணைக்குமேல் பார்த்ததாக நினைவில்லை.

அந்தத் தலைமையாசிரியர் எப்படித் திரும்பி வந்தார் என்று யோசித்துப் பார். கையில் நூலகத்துப் புத்தகம் இருந்தது. அதில் ஒட்டிய தவணைச் சீட்டில் நான் குத்திய தேதி இருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் வந்தார். வந்த இடத்தில் வெறுங்கையோடு போக மனசு வராமல் இன்னொன்றை எடுத்தார். இவ்வளவுதான், பாப்பா. படிக்கிற பழக்கம் வருஷக்கணக்கில் நிற்பது வைராக்கியத்தால் இல்லை. யாரோ ஒருத்தர் அந்தப் புத்தகத்தைத் திரும்ப எதிர்பார்க்கிறார் என்பதால்தான்.

பாட்டி காலத்தில் இது வேறு மாதிரி நடந்தது. அங்கே எதிர்பார்த்தது பாட்டிதான். பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரைக்கும் கல்கியில் வாராவாரம் வந்தது. மூன்றரை வருஷம் ஒரு கதையை ஒருத்தி விடாமல் படித்தாள் என்றால், அவள் நினைத்தாலும் ஒரே ராத்திரியில் படித்து முடித்திருக்க முடியாது, அதனால்தான். ஒவ்வொரு வாரத்துப் பக்கத்தையும் கிழித்து அடுக்கி, பாகம் பாகமாக பைண்டு செய்து, கல்யாணமாகி வரும்போது பித்தளைப் பாத்திரங்களோடு அந்த ஐந்து புத்தகத்தையும் கொண்டுவந்தாள். மணியம் வரைந்த படங்களோடு.

அதில் மூன்றாம் பாகம் எங்கே என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவைக் கேட்டால் “பழைய கதையை விடு அக்கா” என்பான். ஏன் விட வேண்டும்? கும்பகோணத்துச் சின்னப்பாட்டி பிரசவத்துக்காகப் படுக்கையில் இருந்தாள், பொழுது போகவில்லை என்றாள், உங்கள் பாட்டி ஐந்தையும் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். திரும்பி வந்தது நாலு. கேட்டதற்கு “நாங்கள் வாங்கினதே நாலுதான்” என்று பதில். மூன்றாம் பாகம் இல்லாமல் யாராவது நாலை வாங்கிப் படிப்பார்களா? கதை புரியுமா? அந்தப் பாகத்துக்குப் பெயரே ‘கொலை வாள்’. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அது கடைசிவரை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகி, பதிப்பகம் பதிப்பகமாக மலிவு விலையில் போட்ட பிறகு நான் ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன். பாட்டி புரட்டிப் பார்த்துவிட்டு, மணியம் படம் இல்லையே என்று கீழே வைத்துவிட்டாள். சின்னப்பாட்டி வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்கு நான் போகாததற்கு வெயில்தான் காரணம் என்று நீங்கள் எல்லோரும் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தவணைச் சீட்டு ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது. அதற்காகத்தான் சொன்னேன்.

நீயும்தான் 2022-ல், படம் வந்த வருஷம், ஐந்து பாகமும் வாங்கினாய். வந்தியத்தேவன் உன் வீட்டில் இன்னும் வீரநாராயண ஏரிக்கரையிலேயே குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறான். அவன் வந்து நின்றதும் ஆடிப் பதினெட்டு, இப்போது எத்தனையாவது ஆடி? சொந்தப் புத்தகத்தின் சங்கடம் இதுதான். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் எப்போதும் படிப்பதில்லை. பத்து சதவீதத் தள்ளுபடிக்காக வாங்கியதை அடுத்த வருஷத் தள்ளுபடி வரைக்கும் பிரிக்காதவர்களை நம் குடும்பத்திலேயே காட்டுவேன். பெயர் வேண்டாம், உன் சித்தப்பா வருத்தப்படுவார்.

ஆகவே எப்படிப் படிப்பது என்பதை நீயே முடிவு செய்துகொள். நான் வற்புறுத்தவில்லை. விலைக்கு வாங்கிப் படிக்கலாம். அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். போனில் படிக்கலாம், 1998-லிருந்து மதுரைத் திட்டக்காரர்கள் பழைய இலக்கியத்தையெல்லாம் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து போட்டு வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எது கையில் இருந்து உன் தூக்கத்தைக் கெடுக்கிறதோ, அதையேதான் மறுபடி கையில் எடுக்கப்போகிறாய். ஒரு பக்கம் படிப்பதற்குள் மேலே ஏதாவது வந்து விழும். மூன்றாவது வழி, உன் பேட்டையில் இருக்கிற கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்வது. எது நல்லது என்று உனக்கே தெரியும்.

அந்த நூலகம் யாரோ போடுகிற தர்மம் என்று நினைக்காதே. நம் மாநிலத்தில் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வாங்குகிறார்கள். நீ கொடுக்கிற வாடகையில் உன் வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். மாதாமாதம் காசு கட்டிவிட்டு வாசலை மிதிக்காமல் இருப்பது நியாயமா? 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் நிறைவேற்றினார், பின்னால் இருந்து உழைத்தவர் நம் சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஊரில் 1892-ல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். போன புதிதில் ஆள் அரவமில்லாத அந்த வேலை பிடிக்காமல் மறுபடி பாடம் நடத்தவே போய்விடுகிறேன் என்றவர்தான், கடைசியில் உலகமே பின்பற்றும் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பது முதல் விதி. அந்த விதிகள் புத்தகமாக வெளிவந்த அதே 1931-ல்தான் மன்னார்குடி மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது, அவர்தான் தொடங்கிவைத்தார். ஊர் ஊராக வண்டி போய் நிற்கும், ஜனங்கள் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்வார்கள். வண்டி வரும் என்று தெரிந்தால் படித்து வைப்பார்கள்தானே?

நூலகத் தேதியும் பாக்கிதானே, ஐம்பது புத்தகக் கணக்கைவிட அது எப்படி உசத்தி என்று கேட்பாய். உன் அப்பா மகள் கேட்காமல் இருப்பாயா. முடிக்காவிட்டாலும் திருப்பிக் கொடுக்கலாம், அதுதான் வித்தியாசம். நாற்பதாம் பக்கத்தில் அலுத்துப்போனால் மேஜையில் வைத்துவிட்டு வேறு எடு. ஏன் முடிக்கவில்லை என்று எந்த நூலகரும் கேட்டதில்லை. பிடித்திருந்தும் முடியவில்லை என்றால் புதுப்பித்துக்கொள். விலைக்கு வாங்கியது பாதியில் நின்றால் அலமாரியிலிருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் சின்னதாக எடு. சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஒரே உட்காரலில் முடியும், மாடு அவிழ்த்து விட்டதிலிருந்து கீழே வைக்க முடியாது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இன்னொன்று. சென்னையில் குடத்தோடு அலைகிற கதை, உன் தெருவில் லாரி வருகிற நாளில் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும். அப்புறம் கி.ரா. கதைகள், அதைத் தூங்குவதற்கு முன் ஒன்று. ஆபீஸ் பஸ்ஸில் படிக்காதே, உனக்குத் தலை சுற்றும், நாகப்பட்டினம் போனபோது என் புடவை பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஜெயமோகன் 2014-லிருந்து 2020 வரைக்கும் தினம் ஒரு அத்தியாயமாக ‘வெண்முரசு’ எழுதி, இருபத்தாறு நாவலாக முடித்தார். கூடவே தினமும் படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் பிறகு, இப்போது வேண்டாம்.

பெரிய கட்டடத்துக்கும் முதலில் போகாதே. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போனால் படம் எடுப்பாய். 1896-ல் திறந்த கன்னிமாராவும் அப்படித்தான், நாட்டில் அச்சாகிற புத்தகங்கள் வந்து சேர்கிற நாலு நூலகத்தில் அது ஒன்று. ஒருநாள் நானே அழைத்துக்கொண்டு போகிறேன். உனக்கு இப்போது வேண்டியது, நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன நூலகம், உன் முகத்தைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு நூலகர். இரண்டு வாரம் நீ வராவிட்டால் அந்த அம்மாவாவது கவனிப்பார். ராத்திரி எத்தனை மணிக்கு விழித்திருக்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருக்க உன் அம்மாவால் மட்டும் எத்தனை நாள் முடியும்?

நிறைய எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நாலாம் வகுப்பு லீவில் என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வாண்டுமாமாவைப் படித்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால் “இன்னும் ஒரு பக்கம்” என்று கத்துவாயே, அந்தச் சத்தம் போதும் எங்களுக்கு. ஐம்பதும் வேண்டாம், ஐந்தும் வேண்டாம். நீ ஒன்றுமே படிக்காமல் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எங்கள் வீட்டில் உன்னைப் போல ஒருத்தி இல்லை. நீ கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி, உன் பாட்டியின் கண் உனக்கு. ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் லீவு போட்டு வா. சித்திரான்னம் எல்லாம் செய்கிறேன், யாரும் உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். வர முடியாவிட்டால் உன் அப்பாவிடம் பருப்புப்பொடியும் ரிப்பன் பக்கோடாவும் கொடுத்தனுப்புகிறேன். நன்றாகச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன்,
அத்தை

பி.கு.: சேர்வதற்கு முகவரிச் சான்று நகல் ஒன்று எடுத்துக்கொண்டு போ. காப்புத் தொகையும் சந்தாவும் சேர்ந்தாலும் நீ ஒரு தடவை சினிமாவுக்குப் போகிற செலவு ஆகாது. வெள்ளிக்கிழமை போய் நிற்காதே, விடுமுறை.