அம்மாவின் கணக்கில் உங்கள் பெயர்: மெடிக்கெய்டுக்கு முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர், பெற்றோருக்கு வயதானதும் அவர்களுடைய வங்கிக் கணக்கில் தங்கள் பெயரையும் சேர்த்துவிடுகிறார்கள். பில் கட்டலாம், அவசரத்துக்குப் பணம் எடுக்கலாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நர்சிங் ஹோம் செலவுக்காக மெடிக்கெய்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கூட்டுக் கணக்கே தகுதியைத் தடுத்துவிடலாம். ஆகவே உங்கள் பணத்தை அதில் கலக்காதீர்கள். கணக்கைக் கையாள அதிகாரம் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பத்திரம் வாங்குங்கள்.

வரம்பு எவ்வளவு?

மெடிகேர் வேறு, மெடிக்கெய்டு வேறு. மருத்துவமனையிலிருந்து வந்தபின் தேர்ந்த செவிலியர் பராமரிப்புக்கு மெடிகேர் அதிகபட்சம் 100 நாள் வரைதான் உதவும். அன்றாடப் பராமரிப்புக்காக ஆண்டுக்கணக்கில் நர்சிங் ஹோமில் இருக்க நேர்ந்தால், கையில் பணம் தீர்ந்தவர்களுக்கு மெடிக்கெய்டுதான் துணை. அதற்கு வருமானத்தோடு சேமிப்பையும் பார்ப்பார்கள். பல மாநிலங்களில் தனிநபர் 2,000 டாலருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நியூயார்க்கில் இது 30,000 டாலருக்கும் அதிகம். குடியிருக்கும் வீட்டுக்கும் ஒரு காருக்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. வங்கியில் இருக்கும் பணத்துக்கு விலக்கு இல்லை.

பாதி அல்ல, முழுவதும்

கணக்கில் இரண்டு பெயர் இருந்தால் பாதிதான் அம்மாவுடையது என்று நினைப்பது இயல்பு. மெடிக்கெய்டு அப்படிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான மாநிலங்களில், கணக்குதாரர்களில் ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால், பணம் முழுவதும் அவருடையது என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கூட்டுக் கணக்கில் 14,000 டாலர் இருக்கிறது. அதில் 12,500 உங்கள் சம்பளத்திலிருந்து சேர்ந்தது, 1,500தான் அம்மாவின் ஓய்வூதியப் பணம். தனிக் கணக்காக இருந்திருந்தால் அம்மா வரம்புக்குள் இருப்பார். கூட்டுக் கணக்காக இருப்பதால் 14,000 முழுவதும் அவர் கணக்கில் ஏறி, விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

எடுத்தால் தீருமா?

அவசரமாக எடுத்துவிட்டாலும் சிக்கல் தீராது. விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதங்களில் நடந்த பணப் பரிமாற்றங்களை அதிகாரிகள் ஆராய்வார்கள். 2006-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் இதை ஐந்து ஆண்டாக உறுதிசெய்தது. கூட்டுக் கணக்கிலிருந்து மகனோ மகளோ தனக்காக எடுத்த பணமும், பெற்றோரே கொடுத்ததாகக் கருதப்படும்.

தண்டனை மாதக் கணக்கில் வரும். எடுத்த தொகையை, அந்த மாநிலத்தில் நர்சிங் ஹோமுக்கு ஆகும் சராசரி மாதச் செலவால் வகுப்பார்கள். அந்தச் செலவு 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் எடுத்த 30,000 டாலருக்காக அம்மாவுக்கு மூன்று மாதம் உதவி கிடைக்காது. அந்த மூன்று மாதமும் அவர் மற்ற எல்லா வகையிலும் தகுதி பெற்ற பிறகுதான் தொடங்கும். அதாவது கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. உங்கள் சம்பளத்தின் டைரக்ட் டெபாசிட் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று இன்றே பாருங்கள். கூட்டுக் கணக்குக்குப் போனால் எச்.ஆர். தளத்தில் மாற்றுங்கள்.

2. பெற்றோரிடம் டியூரபிள் பவர் ஆஃப் அட்டர்னி பெறுங்கள். பணத்துக்கு உரிமையாளர் ஆகாமலே அவர்கள் சார்பில் பில் கட்டவும் வங்கியில் பேசவும் அது போதும்.

3. ஏற்கெனவே பணம் கலந்திருந்தால் ஆதாரம் திரட்டுங்கள். சம்பளச் சீட்டு, டெபாசிட் பதிவு, பணம் எடுத்த பதிவு, வரித் தாக்கல் எல்லாம் வேண்டும். ஐந்தாண்டு ஸ்டேட்மென்ட்டை இறக்கிச் சேமியுங்கள். "இது என் பணம்" என்ற எழுத்துமூல வாக்குமூலம் மட்டும் போதாது. பணத்தைப் பிரித்துக் கணக்கையும் திருத்தியிருக்க வேண்டும்.

4. அம்மாவுக்காகச் செலவழித்த ஒவ்வொரு ரசீதையும் வைத்திருங்கள். மருந்து, டயப்பர், வீட்டு உதவியாளர் கூலி என்று காட்ட முடிந்தால் அது அன்பளிப்பாகக் கருதப்படாது.

5. ஊரில் உள்ள வங்கியில் பெற்றோர் பெயரில் கூட்டு டெபாசிட் இருந்தால் மறைக்காதீர்கள். வெளிநாட்டுச் சேமிப்பும் கணக்கில் வரும்.

அலுவலகத்தில் கேளுங்கள்

உங்கள் நிறுவனத்தின் பெனிஃபிட்ஸ் பட்டியலில் சட்ட ஆலோசனைத் திட்டம் இருக்கிறதா, அது பெற்றோர் விவகாரங்களுக்கும் பொருந்துமா என்று ஓபன் என்ரோல்மென்ட்டின்போது விசாரியுங்கள். முதியோர் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசுவது அவசியம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், தம்பதியருக்கான கணக்கு முற்றிலும் வேறு. பெற்றோரின் கடும் நோய்க்காக, தகுதியுள்ள ஊழியர்களுக்கு 1993-ஆம் ஆண்டுக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் ஆண்டுக்கு 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு தருகிறது. மருத்துவக் காரணம் இருந்தால் அதைப் பகுதி பகுதியாகவும் எடுக்கலாம்.

இதில் தள்ளிப்போடவே கூடாதது பவர் ஆஃப் அட்டர்னிதான். பெற்றோர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டால்தான் அது செல்லும். நினைவு மங்கியபின் நீதிமன்றம் சென்று கார்டியன்ஷிப் வாங்க வேண்டியிருக்கும். காசும் காலமும் கரையும். அம்மாவும் அப்பாவும் தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, இந்த மாதமே முடித்துவிடுங்கள்.