ஆன்ட்ராய்ட் போன் பேக்கப்: ஒன்றல்ல, மூன்று!

காஞ்சிபுரம் தறிகளில் புடவைக் கரையின் டிசைன் ஜக்கார்டு அட்டையில் துளைகளாக இருக்கிறது. போன் வழியே வியாபாரம் செய்பவருக்கோ டிசைன் படம், வாடிக்கையாளர் எண், வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர் எல்லாமே ஒரே போனில் உள்ளன. அது தொலைந்தால்?

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது, அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய நேரத்தில் போனும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே நனையும். எனவே ஒரு நகல் வீட்டிலும், ஒரு நகல் வெளியிலும் தேவை.

"பேக்கப் ஆன் செய்துவிட்டேனே" என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. ஆனால் சரிபார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. (மெனு பெயர்கள் போனுக்குப் போன் சற்று மாறலாம்.)

1. போன்: செட்டிங்ஸ் சென்று கூகுள், அடுத்து பேக்கப் தேர்ந்தெடுத்து ஆன் செய்திடவும். எஸ்.எம்.எஸ்., அழைப்புப் பட்டியல், போன் அமைப்புகள் ஆகியவை சேமிக்கப்படும். தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகின்றனவா என்றும் பார்க்கவும்.

2. படங்கள்: கூகுள் போட்டோஸில் பேக்கப்பைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். கேமரா படங்கள் மட்டுமே தானாகச் செல்லும். வாட்ஸ்அப்பில் வந்த டிசைன்களும் வேண்டுமெனில், அதே பேக்கப் அமைப்பில் வாட்ஸ்அப் போல்டரையும் ஆன் செய்திடவும்.

3. வாட்ஸ்அப்: செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் எனச் சென்று, கூகுள் கணக்கைத் தந்து, தினமும் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

இலவச இடம் 15 ஜி.பி. மட்டுமே. ஜிமெயிலும் இதில்தான் அடங்கும். 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏற்றும் படங்களும், 2024 முதல் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதில் கணக்காகின்றன. இடம் நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். எனவே மாதம் ஒருமுறை யு.எஸ்.பி. கேபிளால் போனை கம்ப்யூட்டருடன் இணைத்து, பைல் டிரான்ஸ்பர் தேர்ந்தெடுத்து, படங்கள் உள்ள போல்டர்களைக் காப்பி செய்திடவும். இதுவே வீட்டு நகல்.

திரும்பப் பெறுவது எப்படி? புதிய போனை முதன்முதலாக அமைக்கும்போதே அதே கூகுள் கணக்கில் நுழைந்து, பழைய பேக்கப்பைத் தேர்ந்தெடுக்கவும். பழைய போனின் திரைப் பூட்டு எண் கேட்கப்படும். அதை மறந்தால் பேக்கப் இருந்தும் பயனில்லை. வாட்ஸ்அப்புக்கு அதே மொபைல் எண் அவசியம். எண்ணை உறுதி செய்ததும் ரெஸ்டோர் என்று கேட்கும். அவசரத்தில் ஸ்கிப் தட்டிவிட வேண்டாம்.

பழுதான போனை அலமாரியில் வைத்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். 57 நாட்கள் பயன்படுத்தாத போனின் பேக்கப்பை கூகுள் நீக்கிவிடலாம்.

இன்றே மூன்று இடங்களிலும் கடைசியாக பேக்கப் ஆன தேதியைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்து, நேற்று எடுத்த படம் அங்கே இருக்கிறதா எனத் தேடுங்கள். இருந்தால்தான் படங்களின் பேக்கப் வேலை செய்கிறது என்று பொருள்.