மேனி முடி நீக்கம்: ஆண்கள் கேட்கத் தயங்கும் கேள்விகள்

(மணமான தம்பதியருக்கான குடும்ப நலப் பாடம்)



சாலவாக்கம் பக்கம் முகாம் முடிந்து, மேசை நாற்காலியை எடுத்து வைக்கும் நேரத்தில்தான் ஆண்கள் என்னிடம் பேச வருவார்கள். பெண்கள் கூட்டத்திலேயே கேட்டுவிடுவார்கள். ஆண்கள் வேப்பமரத்தடியில் பீடி பிடிப்பது போல நின்றிருந்து, கடைசியில் மெல்ல வருவார்கள். "சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்கள்.

அப்படித்தான் ஒரு தம்பி வந்தார். ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை. முதுகிலும் தோளிலும் முடி அதிகம். "கரடின்னு கூப்பிடுறாங்க சார். இதை நிரந்தரமா எடுத்துடலாமா?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலையும், அவரைப் போன்ற சிலர் பட்ட அனுபவத்தையும் இந்தப் பாடத்தில் சொல்கிறேன். யார் பெயரையும் ஊர்த் தெருவையும் சொல்லமாட்டேன். கணவனும் மனைவியும் சேர்ந்தே படியுங்கள்.

1. முடியும் ஆண்மையும்

மார்பு, முதுகு, அக்குள், மறைவிடம் ஆகிய இடங்களில் முடி வளர்வது ஆண் சுரப்புநீரின் வேலை. எவ்வளவு வளரும் என்பதைப் பரம்பரைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அப்பாவுக்கு மார்பு நிறைய முடி இருந்தால் மகனுக்கும் இருக்கலாம். முடி அதிகம் உள்ளவன் வீரியம் மிக்கவன் என்பதும், முடி குறைந்தவன் ஆண்மை குறைந்தவன் என்பதும் தவறு. முடியை எடுத்தால் ஆண்மை போய்விடும் என்பதும் தவறு. விரைகள் உள்ளே இருந்து சுரப்புநீரைத் தருகின்றன. வெளியே சவரம் செய்வது அவற்றுக்குத் தெரியாது.

இதே பயத்தை ஆண் கருத்தடைச் சிகிச்சை பற்றியும் கேட்டிருக்கிறேன். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா மீசை தாடி கொட்டிடுமாமே?" என்பார்கள். கொட்டாது. அந்தச் சிகிச்சையில் விந்தணு வரும் குழாயை மட்டும் அடைக்கிறார்கள். சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது. அந்தக் குழாய் வழியாக வருவதில்லை. மீசை, குரல், உடல் பலம், தாம்பத்திய சுகம் எல்லாம் முன்போலவே இருக்கும். கத்தியில்லாத ஆண் கருத்தடை முறையைச் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் 1974-இல் உருவாக்கினார். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். செய்து கொண்டவர் 3 மாதம் வேறு கருத்தடை முறையைக் கையாண்டு, பிறகு விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதை மறக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். சிகிச்சைக்கு வரும் முன் வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு வராதீர்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். அதில் கிருமி குடியேறும். அறுவைச் சிகிச்சைக்கு முன் முடியை எடுக்காமல் விடலாம், அவசியமானால் கிளிப்பரால் வெட்டலாம், மழிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வழிகாட்டியது.

2. வீட்டு முறைகள்

சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அப்படியில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே இதை ஆராய்ந்து, சவரத்தால் முடியின் தடிமனோ வளர்ச்சியோ மாறுவதில்லை என்று காட்டினார். இயற்கையாக முடியின் நுனி கூராக இருக்கும். வெட்டியபின் மொட்டையாக முளைக்கும். அதனால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவே.

முடி நீக்கும் கிரீமும் தூளும் தோலுக்கு மேலே உள்ள முடியைக் கரைக்கின்றன. வேர் அப்படியே இருக்கும். இவற்றைத் தோலில் அதிக நேரம் விட்டால் தோலும் வெந்துபோகும். முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்து, 24 மணி நேரம் எரிச்சல் இல்லை என்றால் மட்டும் பயன்படுத்துங்கள். விரைப்பையின் மேல் தடவவே வேண்டாம்.

மறைவிட முடி அழுக்கு அல்ல. நடக்கும்போது தோல் தோலோடு உரசாமல் காப்பதும் அதன் வேலை. முழுக்க மழித்தால்தான் சுத்தம் என்பது இல்லை. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, கத்தரிக்கோலாலோ டிரிம்மராலோ கட்டையாக வெட்டிக்கொண்டால் போதும்.

3. நீண்ட நாள் முறைகள்

முதலாவது மின் ஊசி முறை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் குத்தும் இமைமுடியை எடுக்க 1875-இல் இதைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு மயிர்க்காலிலும் மெல்லிய ஊசியை விட்டு மின்சாரம் செலுத்த வேண்டும். வெள்ளை முடிக்கும் பலன் தரும். ஆனால் ஒவ்வொன்றாக எடுப்பதால் ஒரு முதுகு முழுவதற்கும் நெடுநாள் ஆகும்.

இரண்டாவது லேசர். 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். முடி நீக்கும் லேசருக்கு அமெரிக்க அரசு 1995-இல் அனுமதி தந்தது. முடியில் உள்ள கருமை அந்த ஒளியை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் மயிர்க்கால் கெடுகிறது. இதிலிருந்து நான்கு விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று: கருமை இல்லாத நரைமுடிக்கு லேசர் பலன் தராது.

இரண்டு: எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில ஓய்வில் இருக்கும். லேசர் வளரும் முடியைத்தான் தாக்கும். ஆகவே சில வார இடைவெளியில் 6 முதல் 8 தடவை போக வேண்டும். பிறகும் முடி குறையுமே தவிர, ஒன்றுகூட முளைக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. "ஒரே தடவையில் நிரந்தரம்" என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

மூன்று: நம் தோலிலும் அதே கருமை உண்டு. பொருந்தாத கருவியை வைத்தால் தோல் வெந்து கரும்புள்ளி விழும். கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. வெயிலில் கருத்த தோலுக்கு ஆபத்து கூடும். பச்சை குத்திய இடத்தின் மேல் லேசர் படவே கூடாது.

நான்கு: தோளிலும் மேற்கையிலும் சிலருக்கு முடி குறைவதற்குப் பதிலாக அதிகமாவதும் உண்டு.

4. மூவர் பட்ட அனுபவம்

முதலாமவர் கல்குவாரி லாரி ஓட்டுநர். நாள் முழுக்க இருக்கையில் குலுங்கல், வேர்வை, தூசி. வால் எலும்புக்கு மேலே பிட்டப் பிளவில் முடி தோலுக்குள் புகுந்து சீழ்க்கட்டி ஆனது. இது புதிய நோயல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் அலைந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஏராளமாக வந்ததால் 1944-இல் இதை 'ஜீப் நோய்' என்றே ஒரு மருத்துவர் குறிப்பிட்டார். நம் ஓட்டுநருக்கு இரண்டு முறை அறுவை நடந்தும் கட்டி திரும்பியது. பிறகு மருத்துவர் சொல்லி அந்த இடத்து முடியை லேசரால் குறைத்துக்கொண்டார். இன்று நிம்மதியாக வண்டி ஓட்டுகிறார். இந்த நோயுள்ள இளைஞர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ஓராண்டில் கட்டி திரும்பியது, லேசர் செய்தவர்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு. செய்யாதவர்களில் சுமார் 33 விழுக்காட்டினருக்கு. இது அழகுக்காகச் செய்வதல்ல, வைத்தியம்.

இரண்டாமவர் புதிதாக மணமானவர். அண்ணன் வைத்திருந்த பிளேடாலேயே தொடை இடுக்கை மழித்தார். கொப்புளம் வந்தது, பிறகு படர்தாமரை. வெட்கப்பட்டு யாரிடமும் காட்டாமல், கடையில் கேட்டு ஒரு களிம்பை வாங்கித் தடவினார். இரண்டு நாளில் அரிப்பு நின்றது. விட்டதும் முன்னைவிட அகலமாகப் படர்ந்தது. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இப்படிப்பட்ட களிம்புகளை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இரண்டு மாதத்தில் மனைவிக்கும் தொற்றிவிட்டது. கடைசியில் இருவரும் சேர்ந்து மாத்திரை சாப்பிட்டு, துணிகளைத் தனியே துவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகுதான் குணமானது. பிளேடைப் பகிர்ந்துகொண்டால் ஹெபடைடிஸ் பி, சி என்னும் ஈரல் நோய்க் கிருமிகளும் பரவலாம் என்பதை நினைவில் வையுங்கள். சலூனிலும், கோயிலில் முடி காணிக்கை செலுத்தும்போதும் "புது பிளேடு போடுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. முடிதிருத்தும் அண்ணனின் உடம்புக்கும் அதுதான் நல்லது.

மூன்றாமவர்தான் முதலில் சொன்ன தம்பி. நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். ஆனால் நண்பர் சொன்னார் என்று நகரத்தில் ஓர் அழகு நிலையத்துக்குப் போய்விட்டார். அங்கே மருத்துவர் இல்லை. தோலைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. அறுவடைக் காலம், வெறும் உடம்போடு களத்தில் நின்று முதுகு கருத்திருந்தது. அதன் மேலேயே லேசரை வைத்தார்கள். முதுகெல்லாம் கொப்புளம். மாதக்கணக்கில் தழும்பு கருப்பாக நின்றது. பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? மனைவியின் கம்மலை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்திருந்தார்.

மருந்துக்கு வந்தபோது அந்தப் பெண்ணும் கூட வந்தாள். கம்மல் போனதைவிட அவளை வருத்தியது வேறொன்று. "எனக்குப் புடிக்காதுன்னு அவரே நினைச்சுக்கிட்டாரு சார். நான் ஒரு நாளும் சொன்னதில்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இந்த முதுகுல என்னய்யா இருக்குன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். புண் ஆறியது. கம்மலை மீட்க ஒரு வருஷம் ஆயிற்று.

5. பழைய பாடம் ஒன்று

புதிய கருவி என்றதும் ஓடுவதற்கு முன் இதைக் கேளுங்கள். எக்ஸ்ரே கண்டுபிடித்த மறு ஆண்டே, 1896-இல், வியன்னா மருத்துவர் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் அதைக் கொண்டு முடியை உதிரச் செய்தார். 1920-களில் அமெரிக்காவில் எக்ஸ்ரே முடிநீக்க நிலையங்கள் பெருகின. வலியில்லை, முடியில்லை என்று மக்கள் குவிந்தார்கள். சில வருஷங்கள் கழித்துத் தோல் சுருங்கி, ஆறாத புண் வந்து, புற்றுநோயில் முடிந்தது.

லேசர் எக்ஸ்ரே போன்றதல்ல. ஆனால் அதையும் முறை தவறிச் செய்தால் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் லேசருக்கு முன் வலி தெரியாமலிருக்க, உணர்வை மரத்துப்போகச் செய்யும் களிம்பைக் கால் முழுக்கப் பூசி பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்துபோனார்கள். 2007-இல் அந்த நாட்டு அரசு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

6. செய்ய விரும்பினால்

• முதலில் மனைவியிடம் பேசுங்கள். மனைவியரே, கணவர் உடம்பைக் கேலி பேசாதீர்கள். உங்கள் உடம்பைக் கேலி பேசவும் அவரை விடாதீர்கள்.
• தோல் மருத்துவரிடம் போங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு. ஆலோசனை கேட்கக் காசு தேவையில்லை.
• சிறிய இடத்தில் சோதனை செய்து, தோல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே முழுவதும் செய்ய வேண்டும். லேசரின்போது கண்ணாடி அணிவது கட்டாயம்.
• லேசருக்கு முன் சில வாரங்கள் முடியைப் பிடுங்காதீர்கள், மெழுகு போடாதீர்கள். வேர் இருந்தால்தான் லேசர் பிடிக்கும்.
• நடவு, அறுப்பு, குவாரி வேலை என்று வெயிலில் நிற்கும் காலத்தில் வேண்டாம். செய்த பின்னும் வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள்.
• படர்தாமரை, கொப்புளம், புண் இருக்கும்போது செய்யக் கூடாது. முகப்பருவுக்கோ வேறு நோய்க்கோ மாத்திரை சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• கடன் வாங்கியோ நகையை வைத்தோ இதைச் செய்யாதீர்கள்.

தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல் தோன்றி, அங்கே முடி உதிர்ந்து, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் போனால் அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம். முற்றிலும் குணமாகும்.

தம்பதியரே, உடம்பு இருவருக்கும் உண்டு, வெட்கமும் இருவருக்கும் உண்டு. வெட்கத்தை வாசலில் விட்டுவிட்டு ஒருவரோடொருவர் பேசினால் பாதிச் செலவு மிச்சம். மீதிச் சந்தேகத்துக்கு உங்கள் ஊர் சுகாதார ஆய்வாளரையோ, கிராம சுகாதார செவிலியரையோ கேளுங்கள். முகாமில் எங்களைக் கண்டால் மரத்தடியில் நின்றுகொண்டிருக்க வேண்டாம். முதல் வரிசைக்கே வந்து கேளுங்கள்.