வினாவையும் அளந்து பார்ப்போம்

ஆறாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள் கொடுத்தேன். 8-க்குக் கீழே பெற்றவர்களைக் குறைதீர் கற்பித்தல் குழுவில் சேர்த்தேன். வினாக்கள் சரிதானா என்று நான் யோசிக்கவில்லை.

டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய மாதிரி எளிமையானது. சரியான விடை வரும் வாய்ப்பு, மாணவரின் திறனுக்கும் வினாவின் கடினத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. இரண்டும் சமமானால் 50 விழுக்காடு; திறன் ஓர் அலகு கூடினால் சுமார் 73. அந்த அலகுக்கு லாஜிட் என்று பெயர். ஆகவே எந்த வினாவிலும் திறன் மிக்கவருக்கே வாய்ப்பு அதிகம். அது தலைகீழானால் வினாவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதைப் பார்க்கக் கணினி தேவைப்படவில்லை. மதிப்பெண் வரிசையில் பெயர்களை மேலிருந்து கீழாகவும், எளிதிலிருந்து கடினமாக வினாக்களைக் குறுக்காகவும் எழுதி, சரிக்கு 1, தவறுக்கு 0 இட்டேன். ஒரு வினாவில் மட்டும் மேலே பெரும்பாலும் 0, கீழே பெரும்பாலும் 1. '25-க்கும் 35-க்கும் இடையே எத்தனை முழு எண்கள் உள்ளன?' கழித்தவர்கள் 10 என்று எழுதியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் 9. என் விடைக்குறிப்பில் 10!

7 மதிப்பெண்ணோடு குழுவில் இருந்த ஒரு மாணவி 9 என்றுதான் எழுதியிருந்தாள். தாளைத் திருத்திக் கொடுத்தேன். (10 எழுதியவர்களிடம் மதிப்பெண்ணைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை.)

"அப்பவே கேக்கலாம்னு பார்த்தேன் சார்" என்றாள்.