பூமியின் போர்வை

பூமிக்கு இறைவன் ஒரு போர்வை தந்துள்ளார். சூரியன் நிலத்தைச் சூடாக்க, நிலத்திலிருந்து மீளும் வெப்பத்தில் ஒரு பகுதியை வளிமண்டலத்து நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் முதலியன தடுத்து வைக்கின்றன. குளிர்நாட்டார் பயிர் வளர்க்கும் கண்ணாடி வீட்டின் பெயரால் இதனைப் பச்சைவீட்டு விளைவு என்பர். இஃது இல்லையேல், இன்று ஏறத்தாழ 15 பாகை செல்சியசாகவுள்ள பூமியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 18 பாகையாகிவிடும்.

ஆனால் மனிதன் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து, காடுகளையும் அழித்து அப்போர்வையைத் தடிப்பாக்கிவிட்டான். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் பத்து இலட்சத்தில் 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைத் தாண்டியுள்ளது. சூட்டினால் கடல்நீர் விரிகின்றது, பனிமலைகள் உருகுகின்றன, கடல்மட்டம் உயர்கின்றது.

பசுபிக் சமுத்திரத்துக் கிரிபாத்தி நாட்டு மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். அவர்தம் தீவுகள் மிகத் தாழ்ந்தவை. கிணறுகளில் உப்புநீர் புகுகின்றது. 2014 இல் அந்நாட்டரசு பீஜி நாட்டில் நிலம் வாங்கியது. அவர்கள் எரித்த எண்ணெயோ சொற்பம்!

எனவே இது விஞ்ஞானப் பாடம் மட்டுமன்று. நீதி பற்றிய கேள்வியுமாகும். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் பூமியைப் பொது இல்லம் என்றழைத்தார். எமது மின்சாரத்தில் ஒரு பகுதி நுரைச்சோலையில் நிலக்கரி எரித்தே பெறப்படுகின்றது. வீணாய் எரியும் விளக்கை அணைப்பதும் பிறரன்புச் செயலே.