ஆயில் எஞ்சின் ஓவர்ஹால்: பொருந்தாத பாகங்களைக் கண்டறிவது எப்படி?

நெற்பயிர் பொதி கட்டிக் கதிர் வெளிவரும் நாட்களில் தண்ணீர் தவறினால் பதர் மிகுந்துவிடும். பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்த மணி திரும்பாது. அந்த நாட்களில் ஆயில் எஞ்சின் நின்றுவிட்டால், நட்டம் பழுதுச் செலவோடு முடிவதில்லை. ஆகவேதான் உழவியல் கற்பிப்பவரும் எஞ்சினைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

மின்சாரப் பம்புசெட்டுகள் பெருகிய பின்னரும், மின் இணைப்பு இல்லாத கிணறுகளிலும், ஆற்றிலும் வாய்க்காலிலும் இறைக்கும் இடங்களிலும், காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் உழைத்து வருகின்றன. பழைய எஞ்சினை முழுவதும் பிரித்துச் சேர்த்த சில நாட்களிலேயே அது மீண்டும் புகை விடுவதும், தட்டுவதும், இறுகி நிற்பதும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணம், ஒன்றோடொன்று பொருந்தாத பாகங்களைச் சேர்த்து முடுக்கிவிடுவதே ஆகும்.

பொருந்தாமை எப்படி வருகிறது?

முதலாவதாக, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்போது அதன் அளவு மாறுகிறது. அடுத்த முறை வேறு மெக்கானிக் பழைய அளவிலேயே ரிங் வாங்கிவிடுகிறார். இரண்டாவதாக, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் வேறு மாடலின் பாகம் வந்து சேர்கிறது. மூன்றாவதாக, ஜோடியாகக் கடைந்த பாகங்கள் பட்டறையில் பிரிந்து மாறிவிடுகின்றன. இம்மூன்றையும் சேர்ப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். பீலர் கேஜ், வெர்னியர் காலிப்பர், சிறிது ஈயக் கம்பி ஆகியவை உங்களிடம் இருந்தால் போதும். சிலிண்டர், கிராங்க் ஆகியவற்றின் நுண்ணிய அளவை லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் கொண்டு எடுத்துக் கொள்ளவும்.

1. சிலிண்டரும் பிஸ்டனும்

பிஸ்டனின் தலையில் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 0.25, 0.50 போன்ற எண் இருந்தால், அத்தனை மி.மீ. கூடுதல் அளவு என்று பொருள். பிஸ்டன் முழு வட்டமாக இராது. தலைப்பக்கம் சற்றுச் சிறுத்தும் இருக்கும். எனவே அடிப்பாவாடைப் பகுதியில், பின் துளைக்குக் குறுக்காக அளக்க வேண்டும்.

புதுப் பிஸ்டனை முதலில் வாங்கி, அதன் அளவுக்கு ஏற்பச் சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது தவறு. மேலும், தண்ணீரால் குளிரும் எஞ்சினின் பிஸ்டன் அதே விட்டத்தில் கிடைத்தாலும் போடக் கூடாது. காற்றால் குளிரும் எஞ்சின் அதிகம் சூடேறுவதால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே கூடுதல் இடம் தேவைப்படும். பின் துளையிலிருந்து தலை வரையுள்ள உயரமும் மாறுபடலாம். பழையதையும் புதியதையும் ஒரே பின்னில் கோத்து அருகருகே பிடித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

2. பிஸ்டன் ரிங்குகள்

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் அடிப்பக்கத்துத் தேயாத பகுதி வரை நேராகத் தள்ளுங்கள். ரிங் முனைகளுக்கிடையே உள்ள வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் அளவுங்கள். பொதுவாக 100 மி.மீ. துளைக்கு 0.30 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம். 87.5 மி.மீ. துளையுள்ள எஞ்சினுக்கு இது ஏறத்தாழ 0.26 முதல் 0.35 மி.மீ. ஆகும். உங்கள் எஞ்சினுக்குரிய புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளவும்.

சிலிண்டர் துளை 0.25 மி.மீ. பெரிதானால் வாய் இடைவெளி ஏறக்குறைய 0.8 மி.மீ. கூடும். ஆகவே புது ரிங்கில் 1 மி.மீ.-க்கு மேல் இடைவெளி தெரிந்தால், ரிங் ஓர் அளவு சிறியது என்று அறியலாம். அப்படியே போட்டால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். எளிதில் ஸ்டார்ட் ஆகாது. பெரிய ரிங்கை அரத்தால் ராவிச் சிறிய துளையில் நுழைப்பதும் சரியன்று. வாய் சரியாக இருந்தாலும் வளைவு சுவரோடு ஒட்டாது.

3. கனெக்டிங் ராடும் பேரிங்கும்

ராடையும் அதன் மூடியையும் ஒன்றாகப் பூட்டித்தான் துளை கடைகிறார்கள். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அவ்வெண்கள் ஒரே பக்கம் வர வேண்டும். எண் மாறினால் துளை வட்டமாக இராது, பேரிங் கடித்துக்கொள்ளும். கிராங்கை 0.25 மி.மீ. குறைத்துக் கடைந்திருந்தால், பேரிங்கின் முதுகிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண அளவுப் பேரிங்கைப் போட்டால் ஆயில் அழுத்தம் குறைந்து எஞ்சின் தட்டத் தொடங்கும்.

4. பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி

பிஸ்டன் உயரமோ கேஸ்கட் கனமோ மாறியிருந்தால் இந்தச் சோதனையில் வெளிப்பட்டுவிடும். பிஸ்டன் தலையின் சமதளத்தில், வால்வு படாத இடத்தில், இரண்டு துண்டு ஈயக் கம்பியைக் கிரீஸ் தடவி ஒட்டுங்கள். ஹெட்டை முறைப்படி முடுக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் கனமே இடைவெளி. இது குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். மிகுந்தால் அழுத்தம் குறையும்.

87.5 மி.மீ. துளையும் 110 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள எஞ்சினின் அழுத்த விகிதம் 17.5 என்று கொள்வோம். கேஸ்கட் 0.5 மி.மீ. மட்டுமே கனம் கூடினாலும் விகிதம் 16.3 அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு இதுவே போதும். சிலிண்டருக்கு அடியில் வைக்கும் ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இடைவெளியைச் சரி செய்யலாம்.

5. நாசில்

பழைய நாசிலின் மேல் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணுள்ளதை வாங்குங்கள். உடலளவு ஒன்றாக இருந்தும் துளைகளின் எண்ணிக்கையோ கோணமோ மாறினால் டீசல் சுவரில் பட்டு வீணாகும், கரும்புகை வரும்.

6. விசிறியும் காற்று மூடியும்

காற்றுதான் இந்த எஞ்சினுக்குத் தண்ணீர். விசிறி இதழ்கள் எஞ்சின் சுற்றும் திசைக்கு ஏற்றவையா என்று பாருங்கள். வேறு எஞ்சினின் மூடியைப் போட்டு இடுக்கு விழுந்தால், சிலிண்டரின் துடுப்புகளுக்குச் செல்ல வேண்டிய காற்று வெளியே போய்விடும். மூடியையும் தடுப்புத் தகட்டையும் கழற்றி மூலையில் போட்டுவிட்டு எஞ்சினை ஓட்டவே கூடாது.

நினைவில் கொள்ள

ஓவர்ஹால் வேலையை அறுவடை முடிந்து அடுத்த நாற்று விடுவதற்குள் செய்து முடியுங்கள். உதிரிபாகக் கடைக்குப் போகும்போது பழைய பாகத்தையும், பெயர்த் தகட்டிலுள்ள மாடல், எஞ்சின் எண்களையும் கொண்டு செல்லுங்கள். பாகங்களைக் கையில் வைத்து அளந்து முடிக்கும் வரை எதையும் முடுக்க விடாதீர்கள். வேலை முடிந்தபின் சிலிண்டர், பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவற்றின் அளவையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எந்த மெக்கானிக் வந்தாலும் அந்த ஒரு பக்கம் அவருக்கு வழிகாட்டும். கதிர் வரும் நேரத்தில் உங்கள் வயலுக்கும் தண்ணீர் தவறாது கிடைக்கும்.